எண்பத்து நாலு கிலோவும் ஒரு முன் இறக்கையும்

ஆய்வாளர் தரையில் குப்புறப் படுத்து, மனைவியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பிடிச்சுக்கறேன். விழுந்துடப் போறே."

"ரெண்டு அங்குல உயரம். இதுல விழுந்தா அடி படுமா?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"முதுகு பிடிச்சிருக்கு, கையைத் தூக்க முடியலைன்னு சொல்லித்தானே என்னை ஏத்திவிட்டீங்க? இப்ப தரையில எப்படிப் படுத்தீங்க?"

"படுத்தா சரியாப் போயிடும்னாங்க."

"யாரு?"

"பொதுவா."

அலமாரியின் மேல்தட்டில் இருந்த அகராதியை மனைவி எட்டி எடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த அகராதியை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் ஏறி நின்றது மிதியடி போர்த்திய ஏதோ ஒரு பலகை என்பது அவள் நினைப்பு. மிதியடிக்கு அடியில் இருந்தது குளியலறை எடை மெஷின். ஆய்வாளர் மிதியடியின் ஓரத்தைச் சுண்டுவிரலால் ஒதுக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முள் இரண்டு தடவை ஆடிவிட்டு ஐம்பத்தாறில் நின்றது.

"எடுத்துட்டேன். காலை விடறீங்களா?"

விட்டார். அவள் அகராதியை அவர் முதுகின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நேராகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கல்யாணமான இரண்டாவது மாதம், தொழில் பழக்கத்தில், "நீ ஐம்பத்து மூணு இருப்பே, கையில தூக்கிப் பார்த்தா சொல்லிடுவேன்" என்று பெருமையாகச் சொல்லி, நான்கு நாள் தனியாகச் சாப்பிட்டவர் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் எடை பற்றிய பேச்சு கிடையாது. எடை மெஷினும் அவருடையது மட்டும்தான். அவள் அதன் பக்கமே போகமாட்டாள்.

அவர் எடையளவுத் துறை ஆய்வாளர். இருபத்தொன்பது வருஷமாகக் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். பழக்கடைக்காரரிலிருந்து பழைய இரும்புக்காரர் வரைக்கும் அவர் தலையைத் தெருமுனையில் பார்த்ததும் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு தம்முடைய மெஷினில் ஏறுவார். எண்பத்து நாலு. பத்து வருஷமாக எண்பத்து நாலு.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. ஒரு டாக்டர் அவரைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். தினமும் மெஷினில் ஏறுவார், இறங்குவார், அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார். தட்டில் வைத்ததைத் தள்ளுவார். ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தச் சமயத்தில் மெஷின் கீழே விழுந்து ரிப்பேராகி, மனைவிதான் அதைச் சரிசெய்து எடுத்துவந்தாள். அவரும் நடைப்பயிற்சி தொடங்கியிருந்தார். ஒரே மாதத்தில் எண்பத்து நாலு! அலுவலகத்தில் நடையின் மகிமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். சந்தையில் எப்போதாவது மேடைத் தராசில் ஏறினால் கூடத்தான் காட்டும். செருப்பு, சாவிக்கொத்து, பையில் இருக்கிற முத்திரைச் சுத்தியல் என்று ஒவ்வொன்றாகக் கழித்து எண்பத்து நாலுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இப்போது அவருக்கு மனைவியின் எடை ஏன் தேவைப்பட்டது என்றால், அவள் பறக்க ஆரம்பித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் ஓய்வு வாங்கியவள், தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஏரிக்கரை கிளப்புக்குப் போனாள். அங்கே ஃபாயில் என்று ஒன்று. பார்க்கச் சாதாரணப் பலகைதான். அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு கம்பம் தண்ணீருக்குள் இறங்கும். கம்பத்தின் நுனியில் குட்டி விமானம் போல ஒரு முன் இறக்கை, ஒரு வால். பலகையில் நின்று, படகில் கட்டுவது போன்ற, காற்றடைத்த ஒரு துணிப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டால் காற்று இழுத்துப் போகும். வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள் இருக்கிற முன் இறக்கை மேலே தூக்கும். பலகை தண்ணீரை விட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். அப்புறம் சத்தமே இருக்காது.

அவள் முதன்முதலாக அப்படி எழும்பிய அன்று ஆய்வாளர் கரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியை வண்டியிலேயே மறந்துவிட்டதால், தூரத்தில் ஒரு துணியும் அதன் கீழே ஒரு புள்ளியும்தான் தெரிந்தன. புள்ளி தண்ணீரைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. அது தம் மனைவி என்று விசில் சொல்லித்தான் தெரிந்தது. விசில் என்பது கிளப்பின் பயிற்சியாளர். கட்டையான, கறுத்த, குரல் பெரிதான பெண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் அதுவே பெயராகிவிட்டது.

அன்று முழுக்க ஆய்வாளருக்கு மனசு என்னவோ போல இருந்தது. ஒரே கட்டிலில், ஒரே மேசையில், ஒரே குடையில் இருபத்தாறு வருஷம் இருந்தாகிவிட்டது. இவளுக்குள்ளே தரையை விட்டுக் கிளம்புகிற ஆசை ஒன்று இருந்தது என்று ஒரு நாளும் தெரியவில்லையே! தராசுத் தட்டில் எதை வைத்தாலும் எத்தனை என்று சொல்லிவிடுகிறவர், இதை எதில் நிறுத்துப் பார்ப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தார்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் அவள் ஒரு நாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

"நானா? எண்பத்து நாலு கிலோவை ஏத்தினா ஏரி கரையேறிடும்."

"எண்பத்து நாலுதானே!" என்று சிரித்தாள்.

"தண்ணின்னா எனக்கு வாளிதான். அதுவும் குவளையோட."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் காலை நேரங்களில் அவள் போனில் தோழியோடு காற்றைப் பற்றிப் பேசும்போது, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தை முப்பது நிமிஷம் படிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சில் தமக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரில் இறங்காமல் கிடைக்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

வாய்ப்பு வந்தது. அந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கிளப்பில் எல்லோரும் ஏரியை அக்கரை வரைக்கும் கடக்கப் போகிறார்கள். அதற்குள் அவள் இரவல் இறக்கையைக் கிளப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும்.

"நான் வாங்கித் தர்றேன்" என்றார் ஆய்வாளர்.

"உங்களுக்கு என்ன தெரியும் இதுல?"

"முக்கியமானது எடைதானாமே! எடையில எனக்குத் தெரியாதது என்ன?"

"அதுவும் சரிதான்" என்றாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கைக்காக அவர் தரையில் படுத்து நீந்தவும் தயாராக இருந்தார். படுக்கவும் படுத்தார்.

*

ஃபாயில் கடை ஏரிக்குப் போகிற சாலையில் இருந்தது. கடைக்காரர் ஒல்லியானவர், பொறுமைசாலி. சுவர் முழுக்க இறக்கைகள் மாட்டியிருந்தன. சில கத்தி போல நீளமாக, ஒல்லியாக. சில முறம் போல அகலமாக, குட்டையாக. 

"எந்த விளையாட்டுக்கு சார்?"

"தண்ணியில."

"தண்ணியிலதான் சார் எல்லாமே. இழுக்கறது எது? படகா, பட்டமா, அலையா, கையில பிடிக்கற பாயா? இல்ல, காலால உந்தி உந்திப் போறாங்களா?"

ஆய்வாளர் கண்ணை மூடி, கண்ணாடி இல்லாத அந்தக் காலையை ஞாபகப்படுத்திப் பார்த்தார். துணி. துணிக்குக் கீழே புள்ளி.

"பட்டம்" என்றார்.

"எடை?"

"ஐம்பத்தாறு. சோதிச்சுப் பார்த்தது."

"பட்டம்னா நல்ல இழுப்பு இருக்கும் சார். வேகம் தானா வந்துடும். சின்ன இறக்கையே போதும்" என்று அறுநூற்றைம்பது சதுர சென்டிமீட்டரில் ஒன்றை எடுத்தார். இரண்டு உள்ளங்கையை விரித்து ஒட்டி வைத்தது போல இருந்தது.

"இவ்வளவுதானா? அதோ, அது பெரிசா இருக்கே?"

கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ராட்சத இறக்கை ஒன்று தொங்கியது. அதன் கழுத்தில் ஒரு சீட்டு: '96 கிலோ. புது ஆள். தண்ணீர் என்றால் பயம். கிளப்புக்கு.'

"அது இரண்டாயிரத்து இருநூறு அளவு சார். பதிவு ஆயிடுச்சு. வெயிட்டான ஆள், முதல் தடவை. மெதுவாப் போனாலே தூக்கற மாதிரி வேணும்னாங்க."

"தொண்ணூத்தாறா?" ஆய்வாளர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஆளு இறங்கற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லுங்க. கரையோர வீட்டுக்காரங்க சாமானை மாடிக்கு ஏத்திடட்டும்."

சின்ன இறக்கை ஏரிக்குப் போனது. மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னதா இருக்கே?"

"உன் எடைக்கு இதுதான். எல்லாம் பார்த்து வாங்கினது."

அவள் பலகையில் ஏறினாள். காற்று இழுத்தது. பலகை தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. மேலே எழும்பவே இல்லை. கிளப் சுவரில் சாய்ந்து நின்ற ஆய்வாளர் காலை நேரம் முழுக்க மூச்சைப் பிடித்து அவளைத் தூக்கிப் பார்த்தார். பயனில்லை.

"கால் தளர்ந்துபோச்சு போல" என்றாள் அவள், திரும்பி வரும்போது. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் நேராகக் கடைக்குப் போனார்.

"சார், பட்டம்னா மேல வானத்துல இருக்கும். ஆளுக்கும் அதுக்கும் நடுவுல நீளமாக் கயிறு இருக்கும். கயிறு பார்த்தீங்களா?"

"கயிறு... இல்ல. கையிலேயே பிடிச்சிருந்தா."

"அது பாய் சார்!" கடைக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பாய்க்கு அவ்வளவு இழுப்பு கிடையாது. நம்ம ஏரிக்காத்தும் சாது. பெரிய இறக்கை வேணும். ஐம்பத்தாறுதானே? உறுதியா?"

"இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்" என்றார் ஆய்வாளர்.

ஆயிரத்து நூறு வந்தது. இந்தத் தடவை பலகையின் மூக்கு எழும்பியது. ஆய்வாளர் கைதட்ட இரண்டு கையையும் தூக்கினார். மூக்கு உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அவளைவிட எடை கூடிய பெண்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் பறந்துபோனார்கள். விசில் ஊதி ஊதி, "முன்னாடி சாயுங்கக்கா! வேகம் எடுங்க!" என்று கத்தியது, எல்லோருக்கும் கேட்டது.

அன்று அவள் போனில் தோழியோடு காற்றைப் பற்றிப் பேசவில்லை.

ஆய்வாளர் இரண்டு நாள் அலுவலகக் கணினியில் இறக்கைகளைப் பற்றிப் படித்தார். அரைகுறையாகப் படித்தவர்களுக்கு வருகிற அந்தத் தெளிவு அவருக்கும் வந்தது.

"அந்த ஒல்லியான நீளமான இறக்கையைக் கொடுங்க" என்றார் கடையில்.

"இதுவும் அதே ஆயிரத்து நூறுதான் சார். அலையோட அலையா ரொம்ப தூரம் போறவங்களுக்கு. கிளம்பிட்டா வழுக்கிக்கிட்டே போகும், ஆனா கிளப்பறதுக்கே நிறைய வேகம் வேணும். வேகம் கொறஞ்சா சொல்லாம கொள்ளாம கீழ போட்டுடும்."

"அக்கரைக்குத்தானே போகணும்? தூரம்தானே பிரச்சனை?"

"கிளம்பறது பிரச்சனை சார். நீங்க சொல்ற எடைக்கு முன்னாடி கொடுத்ததே தூக்கியிருக்கணும். எடை எங்கேயோ உதைக்குது."

"எடை உதைக்காது" என்றார் ஆய்வாளர், நோட்டீஸ் கொடுக்கிற குரலில்.

ஒல்லி இறக்கை நல்ல காற்றில் ஒரே ஒரு தடவை அவளை மேலே தூக்கியது. ஒரு கணம் அவள் முகத்தில் பழைய அந்தப் புள்ளியின் சந்தோஷம் வந்துவிட்டது. இன்றைக்கு அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், நன்றாகவே தெரிந்தது. அடுத்த கணம் இறக்கை கைவிட்டது. தோளில் நீல அடியோடு கரைக்கு வந்தாள்.

வீட்டில் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"போதும்ங்க. விட்டுடறேன்."

"ஏன்? இன்னொரு இறக்கை..."

"எத்தனை இறக்கை? யாரோ கண்ணை மூடிட்டுக் கொடுத்திருந்தா, இறக்கை தப்புன்னு சொல்லுவேன். எடை பார்த்து வாங்கினது நீங்க. உங்க எடை தப்பாகுமா? அப்போ தப்பு என்கிட்டதான் இருக்கணும். வயசாயிடுச்சு. ஏதோ ரெண்டு மாசம் பறந்தேன், அது போதும். பலகையை விசில்கிட்டயே கொடுத்துடலாம். யாராவது சின்னப் பொண்ணு ஓட்டட்டும்."

ஒத்தடத் துணி ஆறிப்போய்விட்டது. அவர் அதைப் பிடித்தபடியே இருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் தம்மை நம்பி, அந்த நம்பிக்கையை வைத்தே தன்னைக் கழித்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய வேலையில் ஒரு கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தால் செய்வது ஒன்றுதான். கல்லை எடுத்து வைத்துப் பார்ப்பது.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து இருபது கிலோ எடைக்கல் இரண்டை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம்முடைய எடை சரி என்று கடைக்காரருக்கு நிரூபிப்பதுதான் நோக்கம். மனைவி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். குளியலறையில் மெஷின் மூலையில் அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. முள் பூஜ்யத்தில் இம்மியும் பிசகாமல் நின்றது.

முதல் கல்லை வைத்தார். பதினேழரை.

எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். பதினேழரை.

இரண்டையும் வைத்தார். முப்பத்தைந்து.

ஆய்வாளர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். எட்டு கிலோவுக்கு ஒரு கிலோவை இது விழுங்குகிறது. உள்ளே யாரோ விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள். பழைய தந்திரம்தான். பூஜ்யத்தில் யோக்கியமாக நிற்கும், பாரம் ஏற ஏறத் திருடும். ஊரில் எத்தனை பேரை இதற்காகவே பிடித்திருக்கிறார்! பத்து வருஷமாக ஒரு திருட்டுத் தராசு தம் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறது. ஒரு கல்லை எடுத்து வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. சொந்த வீட்டை யார் சோதிப்பார்கள்? எல்லோருக்கும் பிடித்த எண்ணைக் காட்டுகிற தராசின் மேல் எந்த ஊரிலும் யாரும் புகார் செய்ததில்லை.

ஐம்பத்தாறுக்கு எத்தனை சேர்க்க வேண்டும்? எட்டு. அறுபத்து நாலு! அவர் கணக்கை அங்கே முடிப்பதற்குள் போன் அடித்தது. மனைவி.

"நாலு மணிக்கு விசில் வருவா. பலகை வாசல்லதான் இருக்கு. கொடுத்துடுங்க, நான் வர லேட்டாகும்."

"கொடுக்காதே!"

"நானா கொடுக்கறேன்? உங்களைத்தான் கொடுக்கச் சொல்றேன்."

மணி மூன்றரை. ஆய்வாளர் கல்லைக் குளியலறையிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

"அறுபத்து நாலு!" என்றார் கடை வாசலிலிருந்தே.

கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பினார். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லாத மனுஷரைப் பார்ப்பது அபூர்வம். ஆயிரத்து முந்நூற்றைம்பதில், ரொம்ப ஒல்லியும் இல்லாமல் ரொம்பக் குட்டையும் இல்லாமல் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுவே போதுமா? இன்னும் பெரிசா... அந்தத் தொண்ணூத்தாறைக் கொடுத்துடுங்களேன். அந்த ஆளுக்கு வேற பார்த்துக்கலாம்."

"வேணாம் சார். அளவுக்கு மீறினா அதுவும் ஆபத்து. அவங்க வேணாம்னு நினைக்கறப்பவும் தூக்கிட்டே இருக்கும், கீழ இறக்கவே முடியாது. அதுவுமில்லாம, அந்த ஆளுக்காக யாரோ ரொம்பப் பார்த்துப் பார்த்துச் சொல்லி வெச்சிருக்காங்க. அதுல நான் கை வைக்கமாட்டேன்."

"கொடுத்து வெச்ச ஆளு" என்றார் ஆய்வாளர், கொஞ்சம் பொறாமையாகவே.

வீட்டு வாசலில் விசில் பலகையின் ஒரு முனையைத் தூக்கியிருந்தது. ஆய்வாளர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதை இழுத்தார்கள்.

"சார், அக்கா கொடுத்துடச் சொன்னாங்க."

"அக்கா அறுபத்து நாலு கிலோ! இத்தனை நாள் ஐம்பத்தாறுக்கு வாங்கின இறக்கையில ஓட்டியிருக்கா!"

"அறுபத்து நாலுதான். அதுதான் கிளப் சுவத்துக் கரும்பலகையில எல்லார் எடையும் எழுதியிருக்கே?"

"எந்தச் சுவத்துல?"

"நீங்க தினம் சாஞ்சுட்டு நிப்பீங்களே, அதுல. நீங்க போனப்புறம் உங்க முதுகு அழிச்சதை நான்தான் திரும்ப எழுதறேன்."

பலகையை விட்டுவிட்டு விசில் போனது. மனைவி வந்ததும் ஆய்வாளர் புது இறக்கையை நீட்டினார். சொல்ல வேண்டியதை ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். வந்தது ஒன்றுதான்.

"தப்பு உன் கால்ல இல்ல. என் எடைலதான்."

"உங்க எடையா?" அவள் கொஞ்சம் திடுக்கிட்டாற்போல இருந்தது.

"உன்னோட எடையைத் தப்பாச் சொல்லிட்டேன்."

"ஓ. எதுல பார்த்தீங்க?"

அவர் மிதியடியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். "அகராதி எடுத்தியே, அன்னிக்கு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "உங்க மெஷின்லயா?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்துச் சிரித்தாள். "அதுலயா! அதுல போய் என்னை ஏத்தினீங்களா! என்ன காட்டுச்சு?"

"ஐம்பத்தாறு."

"அறுபத்து நாலுல எட்டுல ஒரு பங்கு போனா, ஐம்பத்தாறு. சரியாத்தான் காட்டியிருக்கு."

கணக்கு டீச்சர்! தாம் கல்லும் கையுமாக அரைமணி நேரம் பட்ட பாட்டை ஒரு நொடியில் சொல்லிவிட்டாள் என்று ஆய்வாளருக்குப் பெருமையாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். "எனக்காக."

அவள் இறக்கையை வாங்கி, அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள். "சரி. ஆனா நீங்களும் ஞாயித்துக்கிழமை முழுக்க இருக்கணும். மாத்துத் துணி எடுத்து வைங்க."

"எனக்கெதுக்கு?"

"தெளிக்கும்."

*

ஞாயிற்றுக்கிழமை காற்று மிதமாக இருந்தது. கிளப்பே கரையில் நின்றது. ஆய்வாளர் இந்தத் தடவை சுவரில் சாயவில்லை.

மனைவி பாயைத் தூக்கிப் பிடித்தாள். பலகை நகர்ந்தது, தண்ணீரைத் தேய்த்தது, தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அவள் முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்தாள். யாரும் தூக்கியது போலத் தெரியவில்லை. தண்ணீர்தான் அவளைக் கீழே இழுப்பதை நிறுத்திக்கொண்டது போல இருந்தது.

கைதட்ட ஆய்வாளருக்கு மறந்துவிட்டது. முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் இருபத்தாறு வருஷம் அவருடைய முணுமுணுப்பும் சுமந்த தோள் அது, எத்தனை லேசாக இருக்கிறது! ஒருவரைச் சரியாக நிறுத்துவது என்பது அவரைக் கீழே அழுத்திப் பார்ப்பது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் தூக்கவே முடியும் என்பது இப்போதுதான் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏரிக்காற்றில் ஈரம் அதிகம்.

அவள் அக்கரையைத் தொட்டுத் திரும்பியபோது அவருக்கே தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், பேன்ட் நனையுது" என்றது பின்னாலிருந்து விசில்.

"நனையட்டும்" என்றவர், அப்போதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, அவசரமாகக் கரையேறினார்.

கடைக்காரர் அந்த ராட்சத இறக்கையைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். கதவு அகலத்துக்கு ஒரு பலகை வேறு. விசில் அதை ஆழமில்லாத இடத்தில் மிதக்கவிட்டு, பெரிய உயிர்காப்பு அங்கி ஒன்றை உதறிப் பிரித்தது. கரும்பலகையில் கடைசி வரியை ஆய்வாளர் இன்றுதான் முதல் தடவையாகப் படித்தார். 'புது ஆள் - 96.'

நல்ல மனநிலையில் இருந்தார். யாரையாவது கேலி செய்யாவிட்டால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது.

"எங்க அந்தத் தொண்ணூத்தாறு? இன்னும் வரலையா? மூணு வாரமா ஆளைப் பார்க்கணும்னு இருக்கு. வாசல்ல சிக்கிட்டாரா?"

விசில் அங்கியின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரில், கொஞ்ச தூரத்தில், மனைவி பலகையின் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். கரையில் இருந்த மாற்றுத் துணிப் பையை விரலால் சுட்டிக் காட்டினாள்.

ஆய்வாளரும் கையை ஆட்டினார். அந்த உயர்த்திய கைக்குள் விசில் அங்கியின் ஒரு பக்கத்தை நுழைத்தது.

"எனக்கெதுக்கும்மா இது? நான் எண்பத்து நாலு" என்றார்.

"அக்கா ரெண்டு மாசம் முன்னாடி உங்க பேரைக் கொடுக்கும்போதே சொல்லிட்டாங்க சார்" என்றது விசில், மறுகையையும் நுழைத்து முடிச்சை இறுக்கிக்கொண்டே. "'அவர் எண்பத்து நாலுன்னுதான் சொல்லுவாரு, அவர் நிம்மதியாச் சாப்பிடணும்னு மெஷினை நான்தான் அப்படிப் பண்ணி வெச்சிருக்கேன், நீங்க பன்னெண்டு கூட்டி எழுதிக்கோங்க'ன்னு."